ஏசி சைக்ளிங் திட்டம்: 50 சதவீதம் என்றால் எதில் 50 சதவீதம்?

மேரிலாந்துவாசி:
வெயில் உச்சத்தில் மின்தேவை ஏறும்போது வீட்டு ஏசியை மின் நிறுவனமே விட்டு விட்டு நிறுத்தும், பதிலுக்கு பில்லில் கழிவு தரும்: இதுதான் ஏசி சைக்ளிங். அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம் பிஜிஇ மின் நிறுவனத்தின் பீக்ரிவார்ட்ஸ் திட்டத்தில் சேர நினைப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விதான். சென்ட்ரல் ஏசிக்கு 50, 75, 100 சதவீதம் என்று மூன்று படிகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாத பில்லில் மொத்தமாக 50, 75, 100 டாலர் கழிவு என்பது திட்டம் வந்த காலத்திலிருந்து பேசப்படும் கணக்கு. டாலர் கணக்கு புரிகிறது. சதவீதம்தான் புரியவில்லை. பாதிக் குளிர்ச்சியா, பாதி நேரமா, பாதி கரன்ட்டா? வெளி யூனிட்டுக்குப் பக்கத்தில் நிறுவனம் மாட்டும் அந்தச் சாம்பல் பெட்டி மெயின் சப்ளையையே வெட்டுகிறதா?

கான்டாக்டர்:
மெயினை வெட்டாது. அதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அமெரிக்க சென்ட்ரல் ஏசியின் வெளி யூனிட்டுக்கு இரண்டு வகை வயர் போகிறது. ஒன்று 240 வோல்ட், சுவரில் உள்ள டிஸ்கனெக்ட் பெட்டி வழியாக. மற்றது 24 வோல்ட் கன்ட்ரோல் வயர், உள்ளே ஃபர்னஸில் (வீட்டுக்குள் காற்றைத் தள்ளும், குளிர்காலத்தில் சூடாக்கும் யூனிட்) இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து. தெர்மோஸ்டாட் குளிர் கேட்டால் ஒய் முனையில் 24 வோல்ட் வரும், பெரும்பாலும் மஞ்சள் வயர். அது கான்டாக்டர் எனும் பெரிய மின்காந்த ஸ்விட்சின் காயிலை இழுக்கும். கான்டாக்டர் மூடினால் கம்ப்ரஸரும் வெளி ஃபேனும் ஓடும். மின் நிறுவனத்தின் பெட்டியில் உள்ள ரிலே இந்த மஞ்சள் வயரைத்தான் இடையில் வெட்டிச் சேர்க்கிறது. சாதாரண நாளில் ரிலே மூடியே இருக்கும், பெட்டி இருப்பதே ஏசிக்குத் தெரியாது. ரேடியோ சிக்னல் வந்தால் திறக்கும், கம்ப்ரஸர் நிற்கும்.

பெட்டிக்கு உயிர் வாழ மட்டும் தனி மின்சாரம் வேண்டும். அதை 240 பக்கமிருந்து எடுப்பார்கள், அல்லது 24 பக்கமிருந்து. சிக்னல் நடுவில் அறுந்துபோனால் ரிலே திறந்தபடியே மாட்டிக்கொள்ளாது. உள்ளே இருக்கும் டைமர் முடிந்ததும் தானாக மூடிவிடும்.

பீக்லோடு:
சதவீதத்துக்கு வருகிறேன். பழைய முறையில் 50 என்பது நேரக் கணக்கு மட்டும். அரை மணியை ஒரு சுற்றாக எடுத்து அதில் 15 நிமிடம் நிறுத்தம், 15 நிமிடம் ஓட அனுமதி. மினசோட்டாவில் எக்ஸெல் எனர்ஜியின் சேவர்ஸ் ஸ்விட்ச், சிகாகோ பக்கம் காம்எட் நிறுவனத்தின் 50 தேர்வு, எல்லாம் ஏறக்குறைய இதே தாளம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 3 டன் யூனிட்டை எடுங்கள்: இயங்கும்போது 3.6 கிலோவாட் என்று வைப்போம். உச்ச வெயிலில் அது இயல்பாகவே 80 சதவீத நேரம் ஓடுகிறது என்றால் சராசரி 2.88 கிலோவாட். பாதி நேரம் நிறுத்தினால் 1.8. மின் நிறுவனத்துக்கு மிச்சமாவது 1.08 கிலோவாட். ஆனால் வீட்டுக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசி மாட்டியிருந்தால் அதே வெயிலில் அது 45 சதவீதம்தான் ஓடும், அதாவது அரை மணியில் பதிமூன்றரை நிமிடம். அந்த ஓட்டத்தை அனுமதித்த 15 நிமிடத்துக்குள்ளேயே முடித்துவிடும். மின் நிறுவனத்துக்கு மிச்சம் பூஜ்யம், உங்களுக்குக் கழிவு முழுசாக!

அதற்குத்தான் பிறகு வந்த பெட்டிகளில் கற்றுக்கொள்ளும் முறையைச் சேர்த்தார்கள். வெயில் நாட்களில் ரிலே வழியாக ஒய் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று மணிவாரியாகப் பெட்டி குறித்துவைக்கும். நிகழ்வு நாளில், அதாவது நிறுவனம் சிக்னல் அனுப்பி ஏசியைக் கட்டுப்படுத்தும் நாளில், அந்த ஓட்டத்தில் பாதியை வெட்டும். 45 சதவீத வீட்டில் 22.5 சதவீதம்தான் ஓடவிடும், மிச்சம் 0.81 கிலோவாட். 80 சதவீத வீட்டில் 1.44.

ஆகவே சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி: "50 சதவீதம் கடிகாரத்திலா, என் ஏசியின் வழக்கமான ஓட்டத்திலா?" பெரிய யூனிட் வைத்திருப்பவருக்குக் கடிகார முறை என்றால் ஒன்றும் தெரியாது, ஓட்ட முறை என்றால் தெரியும். சின்ன யூனிட் வைத்து நாள் முழுக்க ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றே. குளிர்ச்சியில் பாதி போகும்.

சும்மாகேக்குறேன்:
அண்ணே, அரை மணிக்கு ஒரு தடவ நிறுத்தி நிறுத்திப் போட்டா கம்ப்ரஸர் ஆயுசு குறையாதா? எங்க ஊர்ப்பக்கம் ஏசி மெக்கானிக் எல்லாரும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதீங்க சார்"னு திட்டுறாங்களே.

கான்டாக்டர்:
மெக்கானிக் சொல்வது சரிதான், ஆனால் அவர் சொல்வது சில வினாடி இடைவெளியை. கம்ப்ரஸர் நின்றதும் உயர் அழுத்தப் பக்கமும் தாழ் அழுத்தப் பக்கமும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி போட்டால் ரோட்டர் சுற்ற முடியாமல் இழுக்கும் கரன்ட் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு. 15 நிமிட இடைவெளியில் அந்தச் சிக்கலே இல்லை. மணிக்கு இரண்டு ஸ்டார்ட்தான் ஆகிறது. சாதாரணத் தெர்மோஸ்டாட்டே மிதமான நாளில் மணிக்கு மூன்று தடவை வரை போட்டு நிறுத்தும்.

கெடுவது பெட்டியை மாட்டிய விதத்தால். முறுக்கித் திருகும் வயர் நட்டு தளர்ந்திருந்தால், யூனிட்டின் அதிர்வில் மஞ்சள் வயர் தொட்டும் விட்டும் விளையாடும். கான்டாக்டர் படபடவென்று அடிக்கும், முனைகள் கருகும். ஸ்க்ரோல் கம்ப்ரஸராக இருந்தால் இன்னொரு தொல்லை: கண நேரம் விட்டுச் சேர்ந்தால் எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பிக்கும். கரகரவென்று பெரிய சத்தம் வரும், குளிராது, ஓவர்லோட் விழும். இந்தச் சத்தம் நிகழ்வு நாள், சாதாரண நாள் என்ற பேதமில்லாமல் வந்தால் திட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை, வயர் நட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேரிலாந்துவாசி:
வெப்பம் ஒன்றிரண்டு டிகிரிதான் ஏறுகிறது, ஆனால் உடம்பு பிசுபிசுக்கிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டில் ஃபேனை 'ஆன்' நிலையிலிருந்து 'ஆட்டோ'வுக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

தெர்மோ:
ஆட்டோவில் வைத்தால் போதும். கம்ப்ரஸர் நின்றால் ஃபேனும் நின்றுவிடும்.

கான்டாக்டர்:
இல்லை தெர்மோ. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பெட்டி மஞ்சள் வயரை வெட்டுவது வெளியே, யூனிட்டுக்குப் பக்கத்தில். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு அது தெரியாது. குளிர் கேட்டுக்கொண்டே இருக்கும், கூடவே ப்ளோயருக்கான (உள் ஃபேன்) ஜி முனையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆட்டோவில் இருந்தாலும் ப்ளோயர் ஓடும். கம்ப்ரஸர் நின்றதும், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் ஈரமான காயில் மெல்லச் சூடாகும், அதன் மேல் அடிக்கும் காற்று அந்த ஈரத்தை மறுபடி வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து கொட்டும். பிசுபிசுப்பு அதனால்தான்.

50-இல் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை, சகித்துக்கொள்ளலாம். 75, 100 எடுத்தவர்கள் நிகழ்வு தொடங்கியதும் தெர்மோஸ்டாட்டை மூன்று நான்கு டிகிரி மேலே தள்ளினால் அழைப்பு நிற்கும், ப்ளோயரும் நிற்கும். முடிந்ததும் பழைய இடத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். திட்ட விதியை மீறுவதாக ஆகாது, இன்னும் கொஞ்சம் மின்சாரம்தான் குறையும்.

அட்டிக்குழாய்:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றுக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். கூரைக்கும் மேல்தளத்துக்கும் இடையிலுள்ள பரணில் என்றால், கோடை மாலையில் அந்த இடம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கம்ப்ரஸர் இல்லாமல் ப்ளோயர் மட்டும் மூன்று மணி நேரம் ஓடினால் பரணின் சூட்டை அள்ளி அறைக்குள் விடுகிற வேலைதான் நடக்கும். குழாயில் கசிவு இருந்தால் இன்னும் மோசம். அந்த வீட்டில் ப்ளோயரை நிறுத்தியே ஆக வேண்டும்.

நிலவறையில் ஓடும் குழாய் என்றால் நேர்மாறு. அங்கே ப்ளோயர் ஓடுவது நல்லது, கீழேயுள்ள குளிர்ந்த காற்று மேலே வரும். நிலவறை வீட்டுக்காரர் கொடுக்கும் யோசனையைப் பரண் குழாய் வீட்டுக்காரர் அப்படியே பின்பற்றினால் வேர்த்துக் கொட்டும். இந்த மாதிரி விவாத இழைகளில் பாதிச் சண்டை இதனால்தான்.

சும்மாகேக்குறேன்:
அப்போ 100 எடுத்தா என்ன ஆகும்? முழுசா நிறுத்திருவாங்களா?

பீக்லோடு:
ஆமாம், நிகழ்வு முடியும் வரை கம்ப்ரஸர் ஓடாது. எத்தனை மணி நேரம் என்பதுதான் ஒப்பந்தத்தில் படிக்க வேண்டிய வரி. காம்எட் 100 தேர்வில் தொடர்ந்து மூன்று மணி என்று எல்லை வைத்திருந்தது. கோடைக்கு 40 டாலர், 50 தேர்வுக்கு 20. எல்லை எழுதாத திட்டத்தில் 100 எடுப்பது துணிச்சல்.

2011 ஜூலை 22 நினைவிருக்கிறதா? பால்டிமோரில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெயில். வட்டார மின்தொகுப்பை நடத்தும் பிஜேஎம் அவசர நிலை அறிவிக்க, பீக்ரிவார்ட்ஸ் பெட்டிகள் இயங்கின. 100 எடுத்த வீடுகளில் பல மணி நேரம் ஏசி இல்லை, திட்டத்திலிருந்து வெளியே வரலாம் என்று தொலைபேசியில் கூப்பிட்டவர்களுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. திட்டத்தில் விலக்குக் கேட்கும் வசதி இருந்தது உண்மை. ஆனால் அது சாதாரண நிகழ்வுக்கு மட்டும், அவசர நிகழ்வுக்குக் கிடையாது. சேரும்போது நூறு டாலரைப் பார்த்தவர்கள் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. நிறுவனமும் அதைக் கொட்டை எழுத்தில் போடவில்லை என்பது என் எண்ணம்.

வீட்டில் கைக்குழந்தை, முதியவர், வெப்பம் தாங்காத மருந்து எடுப்பவர் இருந்தால் 50-க்கு மேல் போகாதீர்கள். 50-க்கும் 100-க்கும் இடையே ஒரு கோடைக்கு 50 டாலர்தான். ஒரு நாள் மாலை ஹோட்டலில் அறை எடுத்தால் அது போய்விடும்.

தெர்மோ:
பெட்டியே வேண்டாம், வைஃபை தெர்மோஸ்டாட் திட்டத்தில் சேருங்கள் என்பது என் கட்சி. கம்ப்ரஸரும் ப்ளோயரும் சேர்ந்தே நிற்கும், ஈரத் தொல்லை இல்லை. நிகழ்வுக்கு ஒன்றிரண்டு மணிக்கு முன்பே வீட்டை இரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாகக் குளிர்வித்து வைக்கும். பிறகு தெர்மோஸ்டாட் அளவை மூன்று நான்கு டிகிரி ஏற்றும். பிடிக்கவில்லை என்றால் சுவருக்குப் போய்க் குறைத்துக்கொள்ளலாம்.

பீக்லோடு:
கடைசி வரியைப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. கொலராடோவில் 2022 ஆகஸ்ட் 30 அன்று எக்ஸெல் தெர்மோஸ்டாட் திட்டத்தில் இருந்த சுமார் 22,000 வீடுகளில் பூட்டு விழுந்தது. அளவு 78, 80 டிகிரி ஃபாரன்ஹீட் என்று நின்றுவிட்டது, வீட்டுக்காரரால் மாற்ற முடியவில்லை. சேரும்போது 100 டாலர், பிறகு ஆண்டுக்கு 25 டாலர் வாங்கிக்கொண்டு சேர்ந்த திட்டம்தான். அவசர நிலை வந்தால் பூட்டலாம் என்று விதியிலேயே இருந்தது.

மின்தொகுப்புப் பக்கமிருந்து பார்த்தால் தெர்மோஸ்டாட்டுக்கு வேறொரு பலவீனம். அளவை நான்கு டிகிரி ஏற்றியதும் முதல் ஒரு மணி நேரம் எல்லா வீட்டு ஏசியும் நிற்கும், மிச்சம் அபாரமாக இருக்கும். வீடு அந்தப் புது அளவைத் தொட்டதும் ஏசி திரும்ப ஓட ஆரம்பிக்கும். மூன்றாம் மணியில் மிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். பெட்டி அப்படியில்லை, முதல் மணியிலும் மூன்றாம் மணியிலும் ஒரே அளவுக்குப் பிடிக்கும். அதனால் சூரியன் இறங்கி சோலார் உற்பத்தி விழும் மாலை 6 முதல் 8 வரைதான் சிக்கல் என்று இருக்கும் ஊரில், தெர்மோஸ்டாட் வீடுகளைக் குழுவாகப் பிரித்து நேரம் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானது திரும்ப எழும் சுமை. பத்தாயிரம் வீட்டை ஒரே நொடியில் விடுவித்தால் எல்லா 3.6 கிலோவாட்டும் ஒரே நேரத்தில் ஓடும்: 36 மெகாவாட். இயல்பாக அந்த நேரத்தில் 28.8-தான் இருந்திருக்கும். மிச்சம் பிடித்ததை 7.2 மெகாவாட்டாகத் திருப்பிக் கொடுக்கிறோம், கூடவே ஸ்டார்ட் கரன்ட். அதனால்தான் பெட்டிகள் ஆரம்பத்தையும் முடிவையும் ஒவ்வொன்றும் தன் போக்கில் சில நிமிடங்கள் தள்ளிவைக்கின்றன. "மணி 7 ஆச்சு, பக்கத்து வீட்டு ஏசி வந்திருச்சு, எனக்கு வரலை" என்று புகார் எழுதுபவர்கள் இன்னும் கால் மணி பொறுக்கலாம். கரன்ட் போய்த் திரும்பும்போதும் இதே காரணத்துக்காகப் பெட்டி கொஞ்சம் பிடித்துவைக்கும்.

மேரிலாந்துவாசி:
ஏசி ஓடவில்லை என்றால் பெட்டியா, ஏசியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெக்கானிக் வந்து பார்த்தாலே நூறு டாலருக்கு மேல் போய்விடுகிறதே.

கான்டாக்டர்:
வரிசையாகப் பாருங்கள். தெர்மோஸ்டாட் திரை வெறுமையாக இருக்கிறதா? அப்படியென்றால் ஃபர்னஸ் போர்டில் உள்ள கார் ஃபியூஸ் மாதிரியான சிறு ஃபியூஸ் போயிருக்கும். 3 ஆம்பியர் ஊதா, 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு. வெளியே மஞ்சள் வயர் உரசித் தோல் உரிந்து தகரத்தில் பட்டால் முதலில் போவது அதுதான். ஃபியூஸை மாற்றிவிட்டுப் போகாதீர்கள், உரசும் இடத்தைத் தேடுங்கள். பெரிய ஃபியூஸ் போடவே கூடாது, அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர் எரியும்.

திரை இருக்கிறது, ப்ளோயர் ஓடுகிறது, வெளி யூனிட் மட்டும் அசையவில்லை என்றால்: நிகழ்வு நடக்கிறதா என்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டின் ஐந்து நிமிடத் தாமதம் முடியும் வரை காத்திருங்கள். பிறகு மல்டிமீட்டரை மாறுதிசை மின்சார (ஏசி) வோல்ட்டில் வைத்து ரிலேயின் இரண்டு வயர்களுக்கு இடையே பாருங்கள். தெர்மோஸ்டாட் குளிர் கேட்கும்போது அங்கே 24 காட்டினால் ரிலே திறந்திருக்கிறது, பெட்டிதான் பிடித்திருக்கிறது. பூஜ்யம் காட்டினால் கான்டாக்டர் காயிலின் இரு முனையில் பாருங்கள். அங்கே 24 இருந்தும் கான்டாக்டர் இழுக்கவில்லை என்றால் காயில் போச்சு. இரண்டு இடத்திலும் எதுவும் இல்லை என்றால் கோளாறு பெட்டியில் இல்லை, பெரும்பாலும் வீட்டுக்குள்ளே. 20-க்குக் கீழே காட்டினால் நீண்ட மெல்லிய வயர், அல்லது பெட்டியும் கான்டாக்டரும் அந்த 40 வோல்ட்-ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ந்து உறிஞ்சுகின்றன.

அந்தப் பக்கத் தகடைத் திறந்தால் உள்ளே 240-உம் இருக்கிறது. டிஸ்கனெக்டைப் பிடுங்கிவிட்டுத் தகடைக் கழற்றுங்கள், மீட்டர் கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். மீட்டர் பழக்கமில்லாதவர்கள் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். பெட்டி அவர்களுடையது, பல திட்டங்களில் பெட்டிக் கோளாறுக்குச் செலவு அவர்களுடையது.

சென்னை1.5டன்:
இங்கே நம் வீடுகளில் இருப்பது இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். அதில் இந்தப் பெட்டி மாட்ட முடியுமா?

கான்டாக்டர்:
மாட்ட மஞ்சள் வயரே கிடையாது. உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் ஒரு தகவல் வயரில் பேசிக்கொள்கின்றன. அதை வெட்டினால் குளிர்ச்சி நிற்பதோடு பிழை எண் வேறு காட்டும். அமெரிக்காவிலும் மாறும் வேகக் கம்ப்ரஸர் வைத்த விலை உயர்ந்த யூனிட்டுகளில் இதே பாடுதான். சில மாடல்களில் மின் நிறுவன ரிலேக்கென்றே வெளிப் போர்டில் இரண்டு முனை வைத்திருக்கிறார்கள், அதில்தான் மாட்ட வேண்டும். இரண்டு வேகக் கம்ப்ரஸர் என்றால் அதிவேகத்துக்கான ஒய்2 வயரை மட்டும் வெட்டலாம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குத் திறனில் தொடர்ந்து ஓடும், வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. ஸ்மார்ட் பிளக் வைத்து ஸ்ப்ளிட் ஏசியின் மெயினை வெட்டும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பீக்லோடு:
ஸ்ப்ளிட்டுக்குச் சரியான உதாரணம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. எனர்ஜெக்ஸ், எர்கான் என்ற மின் நிறுவனங்கள் இரண்டும் நடத்தும் பீக்ஸ்மார்ட் திட்டம். ஏஎஸ்/என்இசட்எஸ் 4755 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரத்தின்படி ஏசிக்குள்ளேயே மூன்று கட்டளை வைத்திருப்பார்கள்: டிஆர்எம்1 வந்தால் கம்ப்ரஸர் நிற்கும், டிஆர்எம்2 வந்தால் நிர்ணயித்த மின் அளவில் 50 சதவீதத்துக்கு மேல் போகாது, டிஆர்எம்3 என்றால் 75. சிக்னல் மின்கம்பி வழியாகவே வரும், ஏசியில் ஒரு ரிசீவர் மாட்டுவார்கள். வெகுமதி ஏசியின் குளிர்திறனைப் பொறுத்து இருந்தது: 4 கிலோவாட்டுக்குக் கீழே 100 ஆஸ்திரேலிய டாலர், 10 வரை 200, அதற்கு மேல் 400. ஒரே ஒரு தடவை.

டிஆர்எம்2, 3 வரும்போது நிற்காமல் தாழ்வேகத்தில் ஓடுவதால் காயில் குளிர்ந்தே இருக்கிறது, மேலே பேசிய ஈரத் தொல்லை இல்லை. ஏற்கெனவே 40 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஏசிக்கு 50 எல்லை ஒன்றும் செய்யாது, அதுவும் நம் பெரிய யூனிட் கதைதான். வாங்கும்போது கவனிக்க வேண்டியது, சில மாடல்களுக்கு அந்த முனைகள் தனி உதிரிப் பலகையில்தான் வரும். அதன் விலையையும் மாட்டுக்கூலியையும் கழித்தால் 100 டாலரில் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

சென்னையில் ஏசி ஒரு பக்கம் இருக்கட்டும், மீட்டரைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொண்டு போகும் மீட்டரால் சாயங்காலம் ஏழு மணிக்கு நீங்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததற்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். அந்த மீட்டர் மாறும் வரைக்கும் 2020 ஜனவரி முதல் புது ஏசிகளில் வரும் 24 டிகிரி தொடக்க அளவுதான் நமக்கு.

அட்டிக்குழாய்:
கடைசியாக ஒன்று, பழைய யூனிட்டை மாற்றுபவர்களுக்கு. புது யூனிட் மாட்ட வரும் ஆள் அந்தச் சாம்பல் பெட்டியைக் கழற்றி, மஞ்சள் வயரை நேராக முறுக்கிவிட்டு, பெட்டியைச் சுவரில் அப்படியே விட்டுப் போவது சகஜம். பார்க்கப் பெட்டி இருக்கும், வேலை செய்யாது. பில்லில் கழிவு வந்துகொண்டே இருக்கும், என்றைக்காவது நிறுவனம் பரிசோதிக்க வரும்போது நிறுத்துவார்கள். கூலியை எண்ணிக் கொடுக்கும் முன் தகடைத் திறக்கச் சொல்லி மஞ்சள் வயர் பெட்டிக்குள் போய்வருகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். புது மாடல் எண்ணை நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டால் பழைய ஓட்டக் கணக்கை அழித்துப் பெட்டி புதிதாகக் கற்றுக்கொள்ள விடுவார்கள்.

கான்டாக்டர்:
பெட்டி 240 பக்கமிருந்து உயிர் எடுக்கிறதென்றால் அந்த இரண்டு வயரையும் சேர்த்துப் பாருங்கள். வெட்டி விட்ட முனையில் மூடி போடாமல் போன இடங்கள் உண்டு.